வாயில் நுழையாத பெயர்

"என்னைக் கேக்காம எதையும் நிறுத்தாதே!" கம்ப்யூட்டர் சர்வர்களைக் கவனிக்கிறவளை எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தார் மேனேஜர். பிறகு திரையில் ஓடும் நிரல்களின் பட்டியலில், கோடும் எண்ணுமாகப் பெயர் நீண்ட ஒரு சர்வீஸைக் காட்டி, "பேரா இது? வாயிலயே நுழையல. நிறுத்தித் தொலை" என்றார்.

நிறுத்தினாள். உடனே அவர் வீட்டிலிருந்து ஃபோன். குரைத்துக்கொண்டிருந்த நாய் அப்படியே சாய்ந்துவிட்டதாம்.

சர்வீஸ் பெயரில் வரக்கூடாத எழுத்துகளைக் குறியீடாக்கவும், குறியீட்டைப் பழையபடி எழுத்தாக்கவும் ஒரு கட்டளை உண்டு. நிறுத்திய பெயரை அதில் கொடுத்தாள். "மேனேஜர் வீடு/வாசல்/நாய்" என்று வந்தது.

பட்டியலில் அடுத்த பெயரையும் கொடுத்தாள். "மேனேஜர் அறை/நாற்காலி/மேனேஜர்."

அவர் அறைக் கதவைத் தட்டி, பணிவாகத்தான் கேட்டாள். "சார், இன்னொரு பேரும் வாயில நுழையல. நிறுத்திடட்டுமா?"

"இதுக்கெல்லாமா கேப்ப? நிறுத்து!"

"சரிங்க சார்."