கருப்பசாமிக்கு நேர்ந்த டர்பைன் பிளேடு

“பழுதில்லாம வர்ற முதல் பிளேடு உனக்குத்தான்” என்று கோம்பைக் கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தார் தேனி ஃபவுண்டரி முதலாளி விஜய்ராஜ். கேஸ் டர்பைனுக்காக ஏழு மாதமாக வார்த்த பிளேடுகள் எல்லாவற்றிலும் உள்ளுக்குள் விரிசல். ஒருவழியாக ஒன்று தேறியது. மறுநாளே டெல்லி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார்!

“விரிசல் விட்டதுல ஒண்ணைக் கோயிலுக்குக் குடுத்துரு, ஆத்தா” என்று சூப்பர்வைசர் அன்னத்தாயிடம் சொன்னார் விஜய்ராஜ். “பாக்க எல்லாம் ஒண்ணுதான். சாமி என்ன எக்ஸ்ரே எடுத்தா பாக்கப்போகுது?”

மறுநாள் வந்த அதிகாரி, கையோடு கொண்டுவந்த மெஷினில் எக்ஸ்ரே எடுத்தார். பிளேடுக்குள் மயிரிழை விரிசல். ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

“நல்லதையா கோயில்ல குடுத்த?” என்று அலறினார் விஜய்ராஜ்.

“வெடிச்சதைத்தான் மொதலாளி கொண்டுபோனேன். சாமியாடிக்கு அருள் வந்து, ‘என்னையவே ஏமாத்துறானா? நல்லதைக் கொண்டா!’ன்னுட்டாக. பயந்துபோயி மாத்திக் குடுத்துட்டேன்.”

விஜய்ராஜுக்கு மெய்சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கண்ணுக்கே தெரியாத விரிசல்! சாமிக்கு எப்பிடி ஆத்தா தெரிஞ்சுச்சு?”

“அங்கன சாமியாடுறது யாரு மொதலாளி? நம்ம எக்ஸ்ரே செக்‌ஷன் கார்த்திக்ராஜ்தானே!”