வாயில் ஒரு கடலை

ஏரிக்கரைக் கல்லூரியில் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பும் சாப்பாடும் இலவசம். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று மைனா நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் இடம் கொடுக்கும்.

மைனா வருகிற சேதி தெரிந்ததும், பையனுக்கு இடம் கேட்டிருந்த அணிலுக்குக் கை கால் ஓடவில்லை. பொந்தில் இருந்த வேர்க்கடலையை எல்லாம் மரத்தடி வளையில் குடியிருந்த எலியிடம் கொண்டுபோனது.

"அக்கா, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறேன். ரெண்டு நாள் இதெல்லாம் உங்க வளையில இருக்கட்டுமா?"

"அதுக்கென்ன, வெச்சிட்டுப் போ," என்றது எலி.

திரும்பி வந்து பார்த்தால், பொந்தின் மூலையில் ஒரு கடலை மிச்சம். அதற்குள் மைனா வந்துவிடவே, அணில் அதை வாயில் அடக்கிக்கொண்டது.

காலிப் பொந்தைப் பார்த்த மைனா, "ஐயோ பாவம், உன் பையனுக்கு இடம் உண்டு," என்றது. பிறகு நேரே கீழே இறங்கி எலி வளைக்குள் எட்டிப் பார்த்தது. எலியும் தன் மகளுக்காக இடம் கேட்டிருந்தது அணிலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவு கடலையை வெச்சுக்கிட்டா ஒண்ணுமில்லைன்னு சொன்னே?"

"என்னுது இல்லீங்க. என்னை நம்பிக் குடுத்து வெச்சிருக்காங்க."

"யாரு?"

எலி பெயரைச் சொல்லவில்லை. கிளையில் நின்ற அணில் சொல்லத்தான் நினைத்தது. ஆனால் வாயைத் திறந்தால் கடலை விழுந்துவிடும்.

"உன் மகளுக்கு இடமில்லை," என்று சொல்லிவிட்டு மைனா பறந்துபோனது.

இரண்டு நாள் கழித்து எலி அத்தனை கடலையையும் ஒன்றுகூடக் குறையாமல் கொண்டுவந்து பொந்து வாசலில் வைத்தது.

"வெள்ளையடிச்சு முடிஞ்சுதா?" என்று கேட்டது.

அணிலின் வாயில் இப்போது கடலை இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை.