சந்தனம் வைத்த போர்ட்

“யாருடே இதுல சந்தனத்த வச்சது?”

வனமாமலை சார் போட்ட சத்தத்தில் சர்வர் ரூம் ஏசியே ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. அவர்தான் கார் சீட் செய்யும் அந்தக் கம்பெனியின் ஐ.டி. மேனேஜர். ஒரகடம் வந்து பதினைந்து வருஷம் ஆகியும், கோபம் வந்தால் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும்.

அவர் கையில் ஒரு ஃபைபர் ஒயர். அதன் நுனியில் காய்ந்த சந்தனம், நடுவில் துளி குங்குமம்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பது வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். ஃபோர்க்லிஃப்டுக்கு வைத்தார்கள். கேன்டீன் கிரைண்டருக்கும் வைத்தார்கள். ஆனால் டேட்டா எல்லாம் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு மேலாக வைக்காமல், ஒயரைப் பிடுங்கி, அது சொருகுகிற போர்ட் வாயிலேயே வைத்து, மறுபடி சொருகியும் விட்டார் யாரோ ஒரு பக்திமான்.

“தலைமுடி கனம்கூட இல்லாத கண்ணாடி இழை. அதுல வெளிச்சம் போகணும். அத அடச்சு வச்சிருக்கானுவோ!”

பக்கத்தில் ஸ்டோரேஜ் இன்ஜினியர் சுபாஷ் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைப்பாக்கத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதம் போனால்தான் வேலை நிரந்தரம்.

“சார், இந்தப் போர்ட் பூஜை அன்னிக்கே டவுன் ஆயிடுச்சு. இன்னியோட மூணு நாள். அலர்ட் மெயிலை யாரும் பாக்கல.”

“மூணு நாளா? புரொடக்‌ஷன் லைன் ஓடிச்சேடே!”

“ஒரு செகண்டுகூட நிக்கல சார்.” சொல்லும்போதே சுபாஷின் குரல் மாறிவிட்டது. “சர்வர் ஒவ்வொரு போர்ட்டையும் பேர் சொல்லித்தான் கூப்புடும். இது செத்த உடனே, இதே பெட்டியில அடுத்த கன்ட்ரோலர்ல இருக்கற இதோட ஜோடி போர்ட், இதோட பேரையும் எடுத்துக்கினு நின்னுடுச்சு. சர்வர் இதைக் கூப்ட்டா, அது ‘இதோ இருக்கேன்’னு பதில் சொல்லும்.”

“அப்போ அதோட வேலைய யாரு பாத்தா?”

“அதையும் அதுதான் சார் பாத்துது. ரெண்டு பேரு, ரெண்டு வேலை. ஆள் மாறினது சர்வருக்கே தெரியாது.”

வனமாமலை சார் கோபத்தை மறந்து பெட்டியையே பார்த்தார். பச்சை விளக்குகள் ஒன்றும் நடக்காத மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“அடுத்தவன் பேர்ல நின்னு, அவன் பாரத்தையும் சுமந்து, வெளிய ஒரு வார்த்த சொல்லாம... மனுசன் செய்வானாடே இத?”

“செய்ய மாட்டான் சார்.”

“சரி, அது கெடக்கட்டும். ஒயர்ல சந்தனம்னு இப்பத்தான் செல்லுல சொன்னேன், பிளான்ட் ஹெட்டு பேர் கேக்காரு. ஒயரப் பிடுங்கினவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே கேட் பாஸ வாங்கிட்டு அனுப்பச் சொல்லிட்டாரு. யாரு அது?”



“நான்தான் சார்.”

வாசலருகே மாப்போடு நின்றிருந்த காந்திமதி. எட்டு வருஷமாக அங்கே ஹவுஸ்கீப்பிங்.

“நீயா? ஏம்மா, ஒயரத் தொடலாமா நீ?”

“எல்லாத்துக்கும் வெச்சாங்களே, இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுன்னு வெச்சிட்டேன் சார். புடுங்கக் கூடாதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?”

அவ்வளவுதான். வனமாமலை சார் பிடித்துக்கொண்டார். லைன் நின்றிருந்தால் எத்தனை சீட் போயிருக்கும், கார் கம்பெனிக்காரன் என்ன கேட்டிருப்பான் என்று பொரிந்து தள்ளினார்.

“படிச்சவன் எவனாவது செய்வானா இத? இந்தா சுபாஷ் நிக்கான். இவன் செய்வானா?”

சுபாஷ் குனிந்து, துடைக்கும் துணியால் போர்ட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

“பாஸக் கழட்டிக் குடும்மா.”

காந்திமதி கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாஸைப் பிடுங்கிவிட்டால் அடுத்த கம்பெனி வாசலிலேயே ஏன் என்று கேட்பார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அழவில்லை, கெஞ்சவில்லை. மாப்பை ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

போகும்போது சுபாஷ் பக்கம் திரும்பினாள்.

“நீ வேலையைப் பாரு தம்பி. இன்னும் ஒரு மாசம்தானே.”

அவள் போன பிறகு வனமாமலை சார் கேட்டார். “போர்ட் சரியாயிட்டா?”

“ஆயிடுச்சு சார்.” சுபாஷ் லேப்டாப்பை மூடினான். “ஒயரைச் சொருகின உடனே தன் பேரைத் திரும்ப வாங்கிக்கிச்சு.”

வெளியே வந்து வராந்தா ஜன்னல் வழியே பார்த்தான். காந்திமதி கேட்டைத் தாண்டி, படப்பை ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். பூஜை அன்று அவள் செய்ததெல்லாம் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான். ‘ஓரமாத்தானே வெக்கறேன், ஒண்ணும் ஆவாதுக்கா’ என்று ஒயரைப் பிடுங்கிப் பொட்டு வைத்தவன் சுபாஷ்.

சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பும்வரை, அவன் தன் பேரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.