கார்முகிலுக்கு வரன்

இன்னும் பத்தொன்பது மணி நேரத்துக்குள் கார்முகிலுக்குக் குட்டி ஈன ஓர் ஆண் குதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசிப் பந்தய விளையாட்டில் இந்தப் பருவம் முழுவதும் தோற்காத பெண் குதிரை கார்முகில். அதன் சொந்தக்காரி நான் என்பது எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது.

மதிய உணவு மேசையில் எதிரே தணிகைவேல் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். விளையாட்டில் வரனாக வந்த அவருடைய குதிரை சூறாவளியை நான் காலையில் மூன்றாவது முறையாக மறுத்திருந்தேன்.

"பொண்ணு வீட்டுக்கு உன் குதிரை மூஞ்சி பிடிக்கலையோ என்னவோ," என்றார் மெர்சி அக்கா.

"வேகம் இருக்கு, கால்ல பலம் இருக்கு. இன்னும் என்னக்கா வேணும்? அந்தக் கார்முகில் ஓனருக்குத் திமிர்."

மூன்று முறையும் காரணத்தை எழுதி, அனுப்பாமல் அழித்திருந்தேன். டப்பாவை மூடினேன்.

"திமிர் இல்லைங்க."

இருவரும் திரும்பினார்கள். வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் அந்த மேசையில் நானாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"கார்முகில் என்னோடது. ரெண்டோட அப்பாவும் அண்ணன் தம்பி. சூறாவளிக்கு அது தங்கச்சி முறை வேணும்."