புருஷன் பேர்

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் அன்று புது ஆட்களுக்குப் பேர் பதிவு.

“பேரு?” என்றார் கணக்கப்பிள்ளை.

“வடிவம்மாங்க.”

“புருசன் பேரு?”

வடிவம்மா வெட்கத்தோடு தலையைக் குனிந்து, மோவாயால் அவரையே காட்டினாள்.

“என்னையா காட்டுற?”

“ஆமாங்க.”

கணக்கப்பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்தது. ஹாலிஎல சந்தையில் இவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தோமா? யாராவது மருந்து வைத்துவிட்டார்களா? துரையிடம் போய்ச் சத்தியம் செய்வதா, கப்பலேறி ஊருக்கே ஓடிவிடுவதா? பேனாவில் மை காய்ந்தது. வரிசை வளர்ந்துகொண்டே போனது.

காப்பி கொண்டுவந்த மனைவி புஷ்பம், “ஏங்க இப்படி முழிக்கிறீங்க?” என்றாள்.

“சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாது புஷ்பம்! புருசன் பேரக் கேட்டா இவ என்னையக் காட்டுறா!”

புஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள். “யோசிச்சது போதும். அந்தப் பேரயே எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுங்க.”

“எந்தப் பேர?”

புஷ்பமும் தலையைக் குனிந்து, மோவாயால் அவரையே காட்டினாள்.

கணக்கப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டார். தன் சொந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: “வைரவநாதன்.”

“இந்தா வந்துட்டேங்க!” என்று ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவன் ஓடிவந்தான்.