பிரிக்காத பெட்டி

"மூச்சை அந்தப் பக்கம் விடுடி!" என்று மகளை அதட்டினார் அப்பா.

ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் புடைசூழ, கண்ணாடி அலமாரிக்குள் அவர் சேகரித்து வைத்திருந்த டிராகன் விளையாட்டுக் கார்டுப் பெட்டி மாப்பிள்ளை மாதிரி வீற்றிருந்தது.

"ஒன்பது வருஷமா பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கலை. பிரிச்சா மதிப்பு போச்சு!" அலமாரியைத் திறந்து, பெட்டியில் மூக்கை ஒட்டவைத்து முகர்ந்தார். "ஆகா, அந்தக் காலத்து மை! மணக்குது பார்."

"உள்ளே இருக்கிறதைப் பார்க்கவே வேணாமாப்பா?"

"பார்க்கிறவன் பைத்தியக்காரன்."

மகள் கையிலிருந்த கார்டுகளைக் கவனித்தார். முனையெல்லாம் மடங்கி, ஜாம் கறையோடு பல்லிளித்தன.

"இந்தக் குப்பை ஏது?"

"அம்மா தந்தாங்க."

தலையிலடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

மகள் சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, அப்பா கண்டுபிடிச்சுட்டா?"

"பிரிச்சாத்தானேடி கண்டுபிடிக்க!" சோப்புக் கம்பெனி பேக்கிங் பிரிவுக்கான சீருடையில் பொத்தான் போட்டபடியே அம்மா சிரித்தாள். "கார்டை உனக்குக் கொடுத்துட்டு, பெட்டிக்குள்ளே எட்டு சோப்பு வெச்சு, எங்க மெஷின்ல நானே புது உறை போட்டேன். உங்கப்பா மோந்து பார்க்கிறாரே, அந்த மை... அது ரோஜா, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!"