தலைவருக்கு ஒரு சத்தம்

"வீடியோ ரசிகர்கள் செஞ்ச மாதிரி ஈக்கோணும்," என்றார் அத்தாஉல்லா ஹாஜியார். "நான் செய்யச் சொன்ன மாதிரி ஈக்கப்படா."

"எந்த ரசிகர், ஹாஜியார்?" என்று கேட்டாள் றிஸ்மினா.

"அத நீங்கதான் மகள் யோசிக்கோணும்."

முந்தலில், ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் காரியாலய அறை. சுழலும் கதிரையில் ஹாஜியார். சுழலாத கதிரையில் றிஸ்மினா.

கழகம் தொடங்கிய நாளிலிருந்து ஹாஜியார்தான் தலைவர். வேறு யாரும் தலைவராகலாம் என்று கழகத்தின் சட்டப் புத்தகமான யாப்பில் எழுதியிருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை.

இந்த வருடம் மர்ஸூக் வாசித்துவிட்டான்.

வாசித்ததோடு நிற்கவில்லை. தலைவர் பதவிக்குப் போட்டியும் இடுகிறான். அவனுடைய ரசிகர்கள் யாரோ ஒரு வீடியோ செய்து போட்டிருக்கிறார்கள். அரை நிமிடம்தான். அதைப் பார்த்தவர்களின் தொகை முந்தலின் சனத்தொகையைத் தாண்டிவிட்டது. அதில் பாதி ஹாஜியார் பார்த்ததாக இருக்கும் என்று ஊரில் கதை.

றிஸ்மினா கழக வீரர்களுக்கு இப்படி வீடியோ செய்து செய்து கை தேர்ந்தவள். முதலில் சத்தம் வேண்டும். சத்தம் கிடைத்துவிட்டால் படம் தானாக வந்து அதன் மேல் உட்காரும் என்பது அவளுடைய கட்சி.

ஸஜீத் கோல் அடிக்கும் இடங்களுக்கு, அலவாங்கில் தேங்காய் உரிபடும் சத்தத்தைப் போட்டாள். இன்ஷாப் பந்தைப் பாய்ந்து தடுக்கும் இடங்களுக்கு, இறால் தொட்டியில் தண்ணீரை அடித்துச் சுழலும் சக்கரத்தின் சத்தம். இன்ஷாப் பல தடவை பந்தைத் தவறவிட்டான். சக்கரத்தைக் கேட்டவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

ஹாஜியாருக்குத்தான் சத்தம் அகப்படவில்லை.

படங்களுக்குக் குறைவில்லை. ரிப்பன் வெட்டும் ஹாஜியார். மரம் நடும் ஹாஜியார். போன வருடம் நட்ட அதே மரத்தை மறுபடி நடும் ஹாஜியார்.

போனைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் சில நாட்கள் நடந்து பார்த்தாள். அவரிடமிருந்து இயற்கையாக வருபவை மூன்று: சாவிக்கொத்தின் கிலுக்கம், செருமல், "அது பிறகு பாப்பம்."

மூன்றாவது அவளுக்குப் பழக்கமானது. பின்னேரங்களில் கழக மைதானத்தைப் பெண்களின் வலைப்பந்து அணிக்குத் திறந்துவிடச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம் அதுதான் பதில்.

பெண்கள் இறால் பண்ணை வேலியோரம் விளையாடினார்கள். பந்து தொட்டிக்குள் விழுந்தால் அன்றைய ஆட்டம் அதோடு சரி. இறாலுக்கு மனம் உடைந்துவிடுகிறது என்று பண்ணைக்காரர் பந்தைத் திருப்பித் தருவதில்லை.

மாவட்டப் போட்டி நெருங்கிவிட்டது. வீடியோ தனக்குப் பிடித்திருந்தால் மைதானச் சாவி தருவதாக ஹாஜியார் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால், அது பிறகு பாப்பம்.

யோசனைகளும் தந்தார். சிங்கம் கர்ச்சிக்கலாம். இடி இடிக்கலாம். குதிரைகள் ஓடி வரலாம்.

குதிரைக்கு அவள் எங்கே போவாள்? புத்தளத்தில் கழுதை இருக்கிறது. குளம்படி ஒன்றுதானே என்று பஸ் ஏறிப் போய், ஒரு கழுதைக்குப் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். கழுதை ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. போனை மட்டும் மணந்து பார்த்தது.

"அப்ப இண்டைக்கும் ஒண்டுமில்லையா?" என்றார் ஹாஜியார், மறுபடி அதே அறையில்.

"ஒண்டு ஈக்கி."

போனையும் இயர்போனையும் அவரிடம் நீட்டினாள்.

ஹாஜியார் கேட்டார். முதலில் முகம் அசையவில்லை. பிறகு நெற்றி மெல்ல விரிந்தது.

ஊரே கத்துகிறது. விசில் பறக்கிறது. யாரோ தகரத்தில் தட்டுகிறார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் ஓயவே இல்லை. நடுவில் ஒருவன் நெஞ்சு வெடிக்க "அல்ஹம்துலில்லாஹ்!" என்கிறான்.

இன்னொரு தடவை கேட்டார். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் ஹாஜியார். போன பரிசளிப்பு விழாவில எடுத்தது. நீங்க மேடையில பேசிக்கொண்டு நிக்கக்குள்ள."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"வெளி ஆக்கள கூட்டிக்கொண்டு வந்து கத்த வெச்சதில்லையே?"

"இல்ல இல்ல. எல்லாம் நம்மட சனம்தான். மனசார கத்துறாங்க."

ஹாஜியார் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். தலைவர்கள் கண்ணைத் துடைப்பதில்லை. பிறகு சாவிக்கொத்தை எடுத்து, இறுகிப் போயிருந்த வளையத்தோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, மைதானச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளைக்கே புள்ளையள கூட்டிக்கொண்டு போங்க. மைதானக் கேட்ட பூட்டாம மட்டும் வந்துடாதீங்க."

அவர் மனம் மாறுவதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போனை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. கதவு வரை போய்விட்டாள்.

"மகள்."

நின்றாள்.

"இதுட தொடக்கத்தில ஜெனரேட்டர் நிண்டு போற சத்தம் கேக்குது. அதோடதானே என்ட மைக் செத்தது. அந்தத் துண்ட மட்டும் வெட்டிடுங்க."

றிஸ்மினா சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஹாஜியார் மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டார். கதிரை ஒரு பாதி சுற்றுச் சுற்றி நின்றது.

"மர்ஸூக்குட மைக் செத்தா, இதில பாதியாவது கத்துவாங்களா, சொல்லுங்க பாப்பம்?"